நைனாவின் விரலுக்கு ஒரு கேமரா

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று அழைப்பதே வழக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய விரல் நுனிகளில் ரேகை என்று சொல்லத்தக்க எதுவும் மிச்சமில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோல்களைக் கையால் புரட்டிய முதல் பத்தாண்டுகள் பாதியைத் தேய்த்தன. ஓரம் கழிக்கும் கத்தியைப் பிடித்த பிந்தைய ஆண்டுகள் மீதியைத் தேய்த்தன. ரேஷன் கடையில் உள்ள கைரேகைக் கருவி மாதந்தோறும் அவரை முன்பின் பார்த்திராத ஆளைப் போலத்தான் நடத்துகிறது. செல்போனின் தொடுதிரையும் அப்படியே. தொடுதிரைக்கு விரலின் அழுத்தம் ஒரு பொருட்டல்ல. சற்றே ஈரமுள்ள தோல் அருகே வரும்போது திரையின் மீதுள்ள மின்புலம் மாறுவதைத்தான் அது கவனிக்கிறது. காய்த்து உலர்ந்துபோன விரல் அந்த மாற்றத்தை ஏற்படுத்துவதில்லை. இயற்பியல் ஆசிரியையான எனக்கு இந்தக் காரணம் தெரியும் என்பதால் அவருடைய எரிச்சல் எந்த வகையிலும் குறைந்துவிடவில்லை.

வேலூர்க் கொசப்பேட்டையிலிருந்து தினமும் அதிகாலையில் கோட்டைக்கு நடந்து போய், அகழியைப் பார்த்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வரும் வழியில் நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்புவது அவருடைய வழக்கம். அந்த நடையில் பார்ப்பவற்றைப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. தம்பி வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போனில் முயன்று பார்த்தார். ஒரு வாரம் கழித்து நான் அதைத் திறந்து பார்த்தபோது, நடைபாதைக் கற்களின் படங்கள் நாற்பதும், அவருடைய கட்டைவிரலின் படங்கள் பதினொன்றும், எவ்விதம் தொடங்கியது என்றே அவருக்குத் தெரியாத ஒன்பது நிமிட வீடியோ ஒன்றும் இருந்தன. "இன்னா பாப்பா இது, அமுக்கினா அமுங்கணும் இல்ல? பொத்தான் வேணும்மா" என்றார். எல்லாக் கேமராக்களிலும் இருந்த ஒன்றைத்தான் அவர் கேட்டார். அது இப்போது கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை அடுத்த இரண்டு மாதங்களில் தெரிந்துகொண்டேன்.

அவர் கேமராவுக்குப் புதியவர் அல்லர். நான் பிறந்த ஆண்டில் சென்னை பர்மா பஜாருக்குப் போய் யாஷிகா எம்எஃப் 2 ஒன்றை வாங்கி வந்தவர். குவியம் (ஃபோகஸ்) திருத்தும் வேலையே இல்லாத, படச்சுருள் போட்டு எடுக்கும் எளிய கேமரா அது. ஃபிளாஷ் அதிலேயே இருந்தது. ஒரு சுருளில் 36 படங்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு சுருள் தீர்வதற்குப் பொங்கல் முதல் ஆடிக்கிருத்திகை வரை ஆகும். ஒவ்வொரு படத்தையும் எடுப்பதற்கு முன் மூச்சை ஒரு கணம் நிறுத்திக்கொள்வார், இன்றும் அப்படித்தான். எனவே, 'வயதானவருக்கு எதற்குக் கேமரா, போன் போதாதா' என்று கேட்ட உறவினர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை.

நான் வைத்துக்கொண்ட வரம்பு பத்தாயிரம் ரூபாய். கையில் அவ்வளவுதான் இருந்தது என்பது ஒரு காரணம் என்றாலும், நைனாவின் சுபாவம் அதைவிட முக்கியமான காரணம். அதற்கு மேல் விலையுள்ள எந்தப் பொருளையும் அவர் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அன்றாடம் எடுத்துச் செல்ல வேண்டிய கேமரா, கீழே விழுந்தால் வருத்தம் வர வேண்டுமே தவிர, மயக்கம் வரக் கூடாது.

முதலில் கடைகளுக்குப் போனேன். சாரதி மாளிகையில் செல்போன் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே கேமரா கேட்டால் கண்காணிப்புக் கேமராவை எடுத்து மேசையில் வைக்கிறார்கள். திருமண ஒளிப்படக்காரர்களுக்கு விற்கும் கடை ஒன்றில், லென்ஸ் கழற்றி மாட்டும் பெரிய கேமராக்கள் வரிசையாக இருந்தன. சட்டைப் பையில் போடும் அளவில் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் வந்து பத்து வருஷம் ஆவுதுங்க மேடம்" என்றார் கடைக்காரர். அவர் மிகைப்படுத்தவில்லை. உலகம் முழுவதும் டிஜிட்டல் கேமராக்கள் அதிகமாக ஏற்றுமதியான ஆண்டு 2010. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 12 கோடி கேமராக்கள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின, அவற்றில் மிகப் பெரும்பான்மை இந்தச் சின்ன வகை. பிறகு போன் வந்து அந்த வகையை முழுதாக விழுங்கியது. ஜப்பானிய நிறுவனங்கள் மலிவு விலைச் சிறு கேமராக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன.

அடுத்து இணையக் கடைகளைப் பார்த்தேன்; அங்கேதான் ஏமாந்தேன். '48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்' என்று போட்டு நாலாயிரத்து சொச்சத்துக்கு, கேள்விப்படாத பெயரில் ஒரு கேமரா. படங்களில் பார்க்க அழகாக இருந்தது. வந்த பொருளின் எடை தீப்பெட்டிக் கட்டு ஒன்றின் எடைதான் இருக்கும். அந்த 16 மடங்கு முழுவதும் டிஜிட்டல் ஜூம், அதாவது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வித்தை. லென்ஸில் எந்தக் கண்ணாடியும் முன்பின் நகர்வதில்லை. 48 மெகாபிக்சல் என்பதும் அதே குடும்பம்தான்: உள்ளே இருக்கும் சிறிய சென்சார் பதிவு செய்யும் புள்ளிகளுக்கு நடுவே மென்பொருள் தானாகவே புள்ளிகளை இட்டு நிரப்பி எண்ணிக்கையை உயர்த்துகிறது. பாலில் தண்ணீர் ஊற்றி அளவைக் கூட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். குவியமும் நிலையானது, முகத்தை ஓரளவு எடுத்தது, கையில் உள்ள பூவை எடுக்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். இணையத்தில் கேமரா வாங்குவோர் 'ஆப்டிகல் ஜூம்' என்ற சொல் இருக்கிறதா என்பதை மட்டும் தேடினாலே பாதி இழப்பைத் தவிர்த்துவிடலாம். அந்தச் சொல் இல்லாத இடத்தில் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது வெறும் எண்தான்.

மெகாபிக்சல் மோகத்தைப் பற்றி இன்னும் ஒரு கணக்கு. ஸ்டுடியோவில் மேக்சி சைஸ் என்று சொல்லும் ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800க்கு 1200 புள்ளிகள் போதும். பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம், அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே மேல். பத்து மெகாபிக்சல் கேமரா ஒன்றின் படத்தைப் பன்னிரண்டுக்கு ஒன்பது அங்குலம் வரை அதே தெளிவோடு அச்சிடலாம். நம் வீடுகளில் அதைவிடப் பெரிதாக மாட்டுவது மறைந்தவர்களின் படங்களை மட்டுமே.

மெகாபிக்சல் இல்லையென்றால் பின் எதைப் பார்ப்பது? சென்சாரின் பரப்பை. ஒளி வந்து விழும் அந்தச் சிறு சில்லின் பரப்பு எவ்வளவு என்பதுதான் மங்கலான வெளிச்சத்தில் படம் எப்படி வரும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இதை நைனாவுக்கு எப்படி விளக்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே வழி காட்டினார். தோல் வியாபாரத்தில் எல்லாமே சதுர அடிதான். நீளத்தையோ அகலத்தையோ யாரும் கேட்பதில்லை. மலிவான சிறு கேமராக்களில் இருக்கும் சென்சாரின் அளவு ஏறத்தாழ 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், பரப்பு 28 சதுர மில்லிமீட்டர். அதைவிட ஒரு படி மேலான கேமராக்களில் 7.6க்கு 5.7; பரப்பு 43. இன்னும் மேலே, 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் 13.2க்கு 8.8, பரப்பு 116. பழைய படச்சுருளின் ஒரு கட்டம் 36க்கு 24, பரப்பு 864. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் காட்டியதும், "அப்ப என் யாஷிகா ஒரு முழு ஆட்டுத்தோலு, இதெல்லாம் துண்டு" என்றார். வகுப்பில் நான் இவ்வளவு விரைவாகப் புரியவைத்ததில்லை.

சென்சார் அளவுகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. 13.2 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தச் சென்சாருக்கு 'ஒரு அங்குலச் சென்சார்' என்று பெயர். ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர் ஆயிற்றே என்று கேட்டார். பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து வந்த பெயர் அது. குழாய் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. "தோல் மண்டியில இப்படி அளந்தா அடிதான் விழும்" என்பது அவர் தீர்ப்பு.

ஜூமைப் பற்றியும் இதே இடத்தில் சொல்லிவிடுகிறேன். வாணியம்பாடிக்கு மேலே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான் ஆய்வகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போனபோது, அங்கிருந்த பெரிய தொலைநோக்கி எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். வானியலாளர்களோ அதன் ஆடியின் அகலத்தைத்தான் பெருமையாகச் சொல்வார்கள், 2.3 மீட்டருக்குச் சற்று மேல். எவ்வளவு ஒளியை வாங்குகிறது என்பது முதல் கேள்வி, எத்தனை மடங்கு என்பது பின்னால் வருவது. சிறு கேமராவுக்கும் அது பொருந்தும். பத்து மடங்கு, இருபது மடங்கு என்று நீளும் லென்ஸ்கள் நீண்ட நிலையில் மிகக் குறைந்த ஒளியையே உள்ளே விடுகின்றன. கை நடுக்கமும் அதே மடங்கில் பெரிதாகிறது. அன்றாட உபயோகத்துக்கு நான்கு மடங்கு தாராளம். அகழியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக் கொக்கை எடுக்க வேண்டும் என்றால் அது வேறு பையில் போடும் வேறு கேமரா.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். இன்று பதினைந்தாயிரம் ரூபாய்ப் போன்கள் பலவற்றில் முதன்மைக் கேமராவின் சென்சார் அந்த 28 சதுர மில்லிமீட்டரைவிடப் பெரியது. அதோடு, ஒரு முறை அழுத்தியதும் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, நல்ல பகுதிகளைச் சேர்த்து ஒன்றாக்கும் மென்பொருளும் போனில் உண்டு. ஆகவே, மலிவான சிறு கேமரா வாங்கினால் போனைவிடப் படம் நன்றாக வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வராது. நிறம் சற்று வேறாக இருக்கும். 2010ஐ ஒட்டிய கேமராக்களின் அந்த நிறத்துக்காகவே இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அவற்றைத் தேடி அலைகிறார்கள், அதனால் பழைய கேமராக்களின் விலையும் ஏறிவிட்டது. சின்னக் கேமராவை வாங்கத் தக்க காரணங்கள் வேறு. அமுக்கினால் அமுங்கும் பொத்தான், உண்மையான ஜூம், எரியும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் என்பதால் ஓடும் குழந்தையையும் உறையவைக்கும் ஃபிளாஷ், மணிக்கட்டில் மாட்டும் கயிறு. அதைவிட, படம் எடுக்கக் கையில் எடுத்த கருவியில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வராது. இவற்றில் எதுவும் தேவையில்லாதவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டுக் கையில் உள்ள போனின் லென்ஸைத் துடைத்துக்கொண்டால் போதும்.

புதிதாக இன்றும் கிடைப்பவை சில உண்டு. கோடக் பெயரில் வரும் பிக்ஸ்ப்ரோ வரிசை அவற்றில் ஒன்று. பழைய கோடக் 2012இல் திவால் பாதுகாப்பு கேட்ட பிறகு, அந்தப் பெயரை உரிமம் பெற்று ஜேகே இமேஜிங் என்ற நிறுவனம் விற்கிறது. அதில் எஃப்இசட் 45 என்பது 16 மெகாபிக்சல், நான்கு மடங்கு ஆப்டிகல் ஜூம், இரண்டு பென்டார்ச் செல்லில் இயங்குவது. மோசமில்லை. ஆனால், நான் பார்த்த நாளில் இறக்குமதி செய்து விற்பவர்கள் சொன்ன விலை என் வரம்பைத் தாண்டியிருந்தது. ஆகவே, பழைய கேமராவே கதி என்று முடிவு செய்தேன்.

என் மனத்தில் இருந்தது கேனான் எஸ் 95. 2010இல் வந்தது, பத்து மெகாபிக்சல், 43 சதுர மில்லிமீட்டர் சென்சார், அகலக் கோணத்தில் எஃப் 2.0 வரை திறக்கும் லென்ஸ் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது, ஒளி கூடுதல்), கை நடுக்கத்தைச் சமாளிக்கும் அமைப்பு, லென்ஸைச் சுற்றித் திருகும் வளையம், எல்லாம் சட்டைப் பைக்குள். காட்பாடிப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு முடித்து ஊர் திரும்பவிருந்த வட நாட்டு மாணவர் ஒருவரிடம் அது இருப்பதாகத் தெரிந்தது. அவருடைய மாமா பயன்படுத்தியதாம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு கேட்டார். முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு நாள் வைத்துப் பார்க்க அனுமதி வாங்கினேன்.

பழைய கேமராவைப் பார்க்கும் விதம் பற்றி நான் கற்றதை இங்கே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இதில்தான் பணம் போகிறது. முதலில் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்க வேண்டும்: பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் வெளியே வரும்போது சீரான ஓசை கேட்க வேண்டும், நறநறவென்றால் உள்ளே மணல் இருக்கிறது, அது என்றாவது ஒரு நாள் நடுவழியில் நின்று 'லென்ஸ் பிழை' என்று காட்டும், அதன் பிறகு பழுது பார்க்கும் செலவு கேமராவின் விலையை எட்டிவிடும். அடுத்து, டார்ச் வெளிச்சத்தை லென்ஸின் பக்கவாட்டிலிருந்து அடித்து உள்ளே சிலந்தி வலை போன்ற பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு லென்ஸைக் கையால் மூடி ஒரு படம், வெறும் வானத்தை ஒரு படம். முதல் படத்தில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் பழுதான புள்ளிகள். இரண்டாவதில் சாம்பல் நிறத்தில் நிழல் தெரிந்தால் சென்சாரின் மேல் தூசு. உள்ளும் வெளியும் போய்வரும் லென்ஸ் காற்றுத் துருத்தியைப் போல் வேலை செய்து தூசை உள்ளே இழுத்துக்கொள்கிறது; கேமராவைப் பிரிக்காமல் அதைத் துடைக்க முடியாது. பேட்டரி மூடியைத் திறந்து பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. பேட்டரியை மேசையில் தட்டையாக வைத்து ஒரு விரலால் சுழற்றிப் பாருங்கள். பம்பரம்போல் சுழன்றால் அது வீங்கியிருக்கிறது.

படங்களைச் சேமிக்க எந்த மெமரி அட்டையை ஏற்கும் என்பதையும் கேட்டறிய வேண்டும். 2006க்கு முந்தைய கேமராக்கள் பல 2 ஜிபி வரையான எஸ்டி அட்டையை மட்டுமே ஏற்கும். இன்று கடையில் 32 ஜிபிக்குக் கீழே தேடுவது வீண் அலைச்சல். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்களில் எக்ஸ்டி என்ற தனி அட்டையும், பழைய சோனியில் மெமரி ஸ்டிக்கும் இருந்தன. எவ்வளவு மலிவாக வந்தாலும் அவற்றைத் தொடாமல் இருப்பது நல்லது.

எஸ் 95 எல்லாச் சோதனையிலும் தேறி, வானத்தில் தோற்றது. துளையை எஃப் 8 வரை சுருக்கி எடுத்த படத்தின் இடது மேல் மூலையில் ஒரு சாம்பல் புள்ளி. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. படம் அவ்வளவு நன்றாக இருந்தது. மாலையில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் ஓரத்தில் நின்று, சாய்ந்த வெளிச்சம் பட்ட யாளித் தூணை எடுத்தேன். குதிரைமேல் உள்ள வீரனின் கச்சையில் சிற்பி செதுக்கிய மடிப்புகூட மங்காமல் வந்தது.

இதற்கிடையில் நைனா தனக்குத் தெரிந்த இடத்தில் விசாரித்திருக்கிறார். கொசப்பேட்டையில் அவர் பழைய படச்சுருள்களைக் கழுவக் கொடுத்த ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரியில், பாஸ்போர்ட் படம் எடுக்க ஒரு காலத்தில் பயன்பட்ட கேனான் ஏ 1200 ஒன்று சும்மா கிடந்தது. 2011இல் வந்த கேமரா. 12 மெகாபிக்சல், நான்கு மடங்கு ஜூம், சிறிய 28 சதுர மில்லிமீட்டர் சென்சார், எஃப் 2.8இல் தொடங்கும் லென்ஸ், கை நடுக்கத்தைத் தடுக்கும் லென்ஸ் அமைப்பு கிடையாது. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். பழக்கத்துக்காக ஐந்நூறு குறைத்தார்கள்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். எஃப் 2.8ஐவிட எஃப் 2.0 இரு மடங்கு ஒளியை விடுகிறது. சென்சாரின் பரப்பு ஒன்றரை மடங்கு. இரண்டையும் பெருக்கினால் எஸ் 95 வாங்கும் ஒளி மூன்று மடங்கு. வீட்டு டியூப்லைட்டில் பேத்தியை எடுத்தால் ஒன்றில் முகம் தெளியும், மற்றதில் மணல் தூவியதுபோல் இருக்கும். எடுத்தும் காட்டினேன். அவர் இரண்டு படங்களையும் பொறுமையாகப் பார்த்து, நான் சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். பிறகு இரண்டு கேமராக்களையும் எடுத்துக்கொண்டு, நல்ல வெயிலில், மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கோட்டைக்குப் போனார்.

நான் எண்ணிப் பாராத சோதனை அது. எஸ் 95இல் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. பின்னால் உள்ள திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். வேலூரின் பங்குனி வெயிலில் அந்தத் திரையில் அவருக்குத் தெரிந்தது அவருடைய சட்டையின் பிரதிபலிப்பு. கையை நீட்டி, கண்ணைச் சுருக்கி, மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு எடுத்த படங்களில் பாதி ஆடியிருந்தன. ஏ 1200இன் மேற்புறம் பட்டாணி அளவில் ஒரு கண்துளை உண்டு. அதில் கண்ணை வைத்ததும் கேமரா நெற்றியில் ஒட்டிக்கொள்கிறது, முழங்கைகள் விலாவில் சேர்கின்றன, முப்பது ஆண்டுக்கு முந்தைய பழக்கம் தானாகத் திரும்புகிறது. நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு இல்லாத கேமராவில் அவருக்கு நடுங்காத படங்கள் வந்தன. அந்த அமைப்பு இருந்த கேமராவில் வரவில்லை. இயற்பியலில் இதற்கு இடம் உண்டு, ஆனால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அந்தக் கண்துளையிலும் குறை உண்டு. லென்ஸ் பார்ப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத்தான் அது காட்டும்; அருகில் உள்ள பொருளை எடுக்கும்போது லென்ஸும் துளையும் வேறு வேறு இடத்தைப் பார்ப்பதால் தலை வெட்டுப்படும். அருகில் எடுப்பதற்குத் திரையைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். நிழலில் நின்றால் திரை நன்றாகவே தெரிகிறது.

அவருடைய இரண்டாவது வாதம் பேட்டரி. எஸ் 95 ஒரு சார்ஜில் ஏறத்தாழ 200 படங்கள் எடுக்கும். அதற்கு உரிய பேட்டரியும் சார்ஜரும் தொலைந்தாலோ வீங்கினாலோ, போலிகளுக்கு நடுவே நல்லதைத் தேட வேண்டும். ஏ 1200க்கு வேண்டியவை இரண்டு பென்டார்ச் செல்கள். சுவர்க்கடிகாரத்தில் இருப்பவை, பெட்டிக்கடையில் தொங்குபவை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: பெட்டிக்கடையின் சாதாரண கார்பன் செல்லைப் போட்டால் ஃபிளாஷ் சில முறை எரிவதற்குள் கேமரா அணைந்துவிடும், கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் தூக்கிப் போடுவது இதனால்தான். அல்கலைன் செல் வேண்டும். அதைவிட நல்லது திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் செல். நான்கு செல்லும் சார்ஜரும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவசரத்துக்குக் கடை இருக்கிறது என்ற தெம்பு அவருக்கு.

ஆக, எஸ் 95 மாணவரிடமே திரும்பிப் போயிற்று. எனக்காக வாங்கிக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் சென்னையில் யாரோ பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். தூசுப் புள்ளியை அவர்கள் பார்த்தார்களா என்று தெரியாது.

வாங்கிய பின் செய்தவை சில. முதலில் தேதியையும் நேரத்தையும் சரிசெய்தேன். படத்தின் மூலையில் தேதி அச்சாகும் வசதியை நைனா கேட்டு வாங்கிக்கொண்டார். செல்லைக் கழற்றி வாரக்கணக்கில் போட்டுவைத்தால் கடிகாரம் மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடும் என்று எச்சரித்திருக்கிறேன். வெப்பம் இன்னொரு கவலை. இவ்வகைக் கேமராக்களின் கையேடுகளில் 0 முதல் 40 டிகிரி வரை இயக்கலாம் என்று இருக்கும். அதை எழுதியவர்கள் வேலூரின் கத்திரி வெயிலைக் கண்டவர்கள் அல்லர். ஆகவே, ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலும் ஜன்னலோரத்திலும் வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மணிக்கட்டுக் கயிற்றை முதல் நாளிலேயே மாட்டிவிட்டேன். அட்டையிலிருந்து போனுக்குப் படம் மாற்ற, டைப் சி முனை உள்ள சிறிய கார்டு ரீடர் ஒன்று சாரதி மாளிகையில் முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. கேமராவிலேயே வைஃபை இருக்க வேண்டும் என்று தேடுவதைவிட இது எளிது, பழுதாவதற்கும் அதில் ஒன்றுமில்லை.

இப்போது அவர் எடுக்கும் படங்களைப் பற்றி. நிழலுக்குள்ளும் இரவிலும் எடுத்தவை நான் எதிர்பார்த்ததுபோல் சுமார்தான். காலை வெளிச்சத்தில் எடுத்தவை எனக்கு வியப்பாக இருக்கின்றன: நேதாஜி மார்க்கெட்டில் முள் கத்திரிக்காய்க் குவியலின் முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைக்கும் அம்மா, அகழித் தண்ணீரில் தலைகீழாக நிற்கும் கோட்டை மதில், காந்தி ரோட்டில் வங்காள மொழிப் பலகை வைத்த உணவகத்தின் வாசலில் மருத்துவமனைக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கும் வெளியூர்க் குடும்பம். கடைசிப் படத்தை அவர்களிடம் காட்டி அனுமதி கேட்ட பிறகே வைத்துக்கொண்டதாகச் சொன்னார். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு எடுத்துச் செல்ல முடியாது, கேமராவையும் போனையும் வெளியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதில் அவருக்குக் குறையில்லை.

அட்டையில் ஆயிரக்கணக்கான படங்களுக்கு இடம் இருக்கிறது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. எண்ணி 36 எடுக்கிறார். எதையும் அழிப்பதில்லை. 36 ஆனதும் அட்டையை ஒரு பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு ஸ்டுடியோவுக்குக் கொண்டு போய் எல்லாவற்றையும் மேக்சி சைஸில் அச்சடித்து வருகிறார். ஆடிய படங்களுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். சித்திரை பிறந்து மூன்றாவது வாரத்திலேயே 31 ஆகிவிட்டது. அதன் பிறகு கேமராவை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு நடக்கிறார், ஆனால் எடுப்பதில்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா; மீதி ஐந்தும் அதற்காம்.